பச்சை வீட்டுக்கு ஒரு குழி

கிட்ட வாருங்கள் என் தங்கங்களே, கால்களைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆட்டப் பெட்டியின் கதை சொல்கிறேன். பெரிய கதையில்லை. இன்னும் முடியாத கதை.

கோஸ்லார் ஊரில் ஹைட்ரூன் என்று ஒருத்தி. வியாழக்கிழமை வந்தால் அவள் சமையலறை மேசையில் அந்தப் பெட்டி திறந்துவிடும். தீவில் வீடு கட்டும் ஆட்டம். அவளுக்குச் சிவப்பு, புருஷன் அன்ஸ்கருக்கு நீலம், தோழி அல்முட்டுக்குப் பச்சை. அடுத்தவர் நிறத்தை யாரும் தொடமாட்டார்கள், பல் துலக்கும் பிரஷ் மாதிரி.

அல்முட் மகளோடு இருக்கத் தொலைதூரக் கீல் நகரத்துக்குப் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. முதலில் அடிக்கடி போன் வந்தது. அப்புறம் கிறிஸ்துமஸுக்கு மட்டும். அப்புறம் அதுவும் நின்றுபோனது. பச்சைக் காய்ப் பை பெட்டிக்கு அடியிலேயே கிடந்தது.

அன்று மழை. மாடிக்குப் புதிதாகக் குடிவந்த ஃபால்கோ மாலையில் ஆட வருவதாக ஏற்பாடு. காய்களைப் பை பையாகக் கொட்டித் தேட வேண்டாமென்று ஹைட்ரூன் ஃபோம் அட்டையை வெட்டி, பெட்டிக்குள் அறை அறையாக ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு காய்க்கும் அளவெடுத்து ஒரு குழி.

"பச்சைய ஃபால்கோவுக்குக் குடுத்துடலாம்," என்றார் அன்ஸ்கர், ஊறுகாய் வெள்ளரியைக் கடித்தபடி.

"மஞ்சள் சும்மாத்தானே கெடக்கு?"

"மஞ்சள்ல ஆடினா தோத்துடுவாராம்."

"உன்கூட ஆடினா எந்த நெறத்துலயும் ஜெயிக்கலாம்னு சொல்லு."

அன்ஸ்கர் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவ இனிமே வரமாட்டா, ஹைட்ரூன்," என்றார்.

அவள் பச்சைப் பையை எடுத்தாள். அல்முட் எப்போதும் போடும் இரட்டை முடிச்சு அப்படியே இருந்தது. அவிழ்த்துக் காய்களைக் குழிகளில் வைத்தாள். படகுகள் அமர்ந்தன, வீடுகள் அமர்ந்தன. கடைசிக் குழி மட்டும் பல் விழுந்த இடம் மாதிரி காலியாகத் திறந்து கிடந்தது. மேசைக்கடியில் பார்த்தாள், அன்ஸ்கரின் செருப்புக்குள் பார்த்தாள். இல்லை. காய்கள் பைக்குள்ளேயே கிடந்திருந்தால் ஒன்று குறைவது யாருக்குத் தெரிந்திருக்கும்?

அவிழ்த்த பைக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தவள் போனை எடுத்தாள்.

"அல்முட், ஒரு பச்சை வீட்டக் காணோம்."

"இப்பத்தான் பையத் தொறந்தியாடி?" என்றாள் அல்முட்.

"எங்க இருக்கு?"

"என் ஜன்னல்ல. கெளம்பற அன்னிக்கு எடுத்தேன். காணோம்னு மறுவாரமே நீ திட்டி போன் பண்ணுவேன்னு நெனச்சேன்."

"நீ இல்லாம அந்தப் பையத் தொறக்க மனசு வரலடி. நீயாவது போன் பண்றத நிறுத்தாம இருந்திருக்கலாமே?"

"வியாழக்கிழமைல நீங்க ரெண்டு பேரும் சிரிக்கறது போன்ல கேக்கும். நான் இல்லாமலே ஆட்டம் நடக்குதுன்னு விட்டுட்டேன்."

ஹைட்ரூன் காலிக் குழியை விரலால் தடவினாள்.

"தபால்ல போடட்டுமா?" என்றாள் அல்முட்.

"போட்டா பிரிக்காமத் திருப்பி அனுப்புவேன். நீயே கொண்டு வா."

"முட்டி வலி, ரயில்ல அவ்வளவு தூரம்..." என்று இழுத்தாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மாலையில் ஃபால்கோ மஞ்சளில் ஆடினார், ஜெயித்தும் விட்டார். அவர் போன பிறகு காய்கள் தத்தம் குழிக்குத் திரும்பின. மூடி முதல்முறையாகச் சரியாகப் படிந்தது.

"அந்த ஓட்டைய அடைச்சிடலாமா?" என்று வேண்டுமென்றே கேட்டார் அன்ஸ்கர்.

"தொட்டுப் பாரு!"

அந்தக் குழி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. உங்கள் வீட்டில் யாருக்காக இடம் வைத்துக் காத்திருக்கிறீர்களோ, அவர்கள் சிரித்த முகத்தோடு வந்து அதில் அமரட்டும், கண்ணுகளா. உங்கள் மேசை என்றும் நிறைந்திருக்கட்டும்.