பாதிக் கிண்ணச் சோறு

மதியம் இரண்டு மணிக்குள் என் மகனிடம் சொன்ன ஒரு வார்த்தையை நான் வாபஸ் வாங்கியாக வேண்டும். அன்றைக்கு எனக்கு இருந்தது அந்த ஒரே வேலைதான். இரண்டு மணிக்கு அவன் நொன்சான் பயிற்சி முகாமுக்குள் போய்விடுவான். அப்புறம் ஐந்து வாரத்துக்கு முகத்தைப் பார்க்க முடியாது. அதற்கும் அப்புறம் எந்த மலையில் எந்த முள்வேலிக்குக் காவல் போடுவார்களோ, கடவுளுக்கே வெளிச்சம்.

ஆனால் காரில் என் புருஷன் வாயை மூடினால்தானே!

"எங்க காலத்துல இன்ஜே மலையில பனி இடுப்பு வரைக்கும் இருக்கும். அள்ளி முடிச்சுத் திரும்பிப் பார்த்தா மறுபடியும் இடுப்பு வரைக்கும். இப்பல்லாம் ராணுவமா இது? ஹோட்டலு!"

"முன்சு அப்பா, ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க."

"பார்த்துத்தான் ஓட்டுறேன். முப்பது வருஷமா ஸ்கூல் பஸ் ஓட்டுறவனுக்கு நீ சொல்லித் தரியா?"

பின் சீட்டில் முன்சு மொட்டைத் தலையைத் தொப்பியால் மூடிக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தான். நான் திரும்பி, "முன்சு, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தேன். "அம்மா, கடையில புளிச்ச முள்ளங்கி தீர்ந்துடுச்சுன்னியே, போட்டியா?" என்றான். என்ன கேள்வி இது, இந்த நேரத்தில்? போட்டேன் என்றேன். பேச்சு அங்கேயே செத்தது.

சொன்ன வார்த்தை என்னவென்று சொல்லிவிடுகிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

எல்லாப் பையன்களும் போயாக வேண்டிய ராணுவ உடல் பரிசோதனைக்குப் பத்தொன்பது வயதில் போனபோது முன்சு நூற்றுப் பதினான்கு கிலோ. நாலாம் தரம் என்று சீட்டு கொடுத்தார்கள். நாலாம் தரம் என்றால் துப்பாக்கி கிடையாது, முள்வேலி கிடையாது. வார்டு ஆபீஸில் ஃபைல் தூக்கிவிட்டு ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து என் கையால் சாப்பிடலாம். எத்தனை தாய்மார்கள் அந்தச் சீட்டுக்குத் தவம் கிடக்கிறார்கள்! எனக்குத் தானாக வந்தது. வந்த வரத்தை வைத்துக்கொள்ளத் தெரிந்ததா எனக்கு?

டாக்டர் கல்லீரலில் கொழுப்பு, சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று பயமுறுத்தினார். அன்றிலிருந்து வீட்டில் கோழி நெஞ்சுக்கறியும் வள்ளிக்கிழங்கும்தான். சந்தையில் தொடுகறிக் கடை வைத்திருக்கிறேன். ஊருக்கெல்லாம் வெஞ்சனம் செய்து விற்கிறவள், பெற்ற பிள்ளை கிண்ணத்தைத் திறந்தால் "போதும், வை" என்பேன். அந்த ஒன்றரை வருஷத்தில் அவனிடம் அதிகம் பேசிய பேச்சே அதுதான். போதும், வை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் கட்டிலுக்கு அடியில் பெருக்கினேன். பொரித்த கோழி டப்பா மூன்று. எலும்பெல்லாம் காய்ந்து கிடந்தது. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. டப்பாவைத் தூக்கி அவன் முன்னால் எறிந்து சொன்னேன்: "கை கால் இருக்கிற எவனையும் விடாம எடுத்துக்கிற ராணுவத்துக்கே நீ வேண்டாமாம்! வேற யாருக்குடா நீ வேணும்?"

சொல்லிவிட்டேன். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். நான் அள்ளக்கூட நினைக்கவில்லை. ஏனென்றால் மறுநாள் காலையில் அவன் முசிம் ஓடைக்கரையில் ஓடப் போனான். அடுத்த நாளும் போனான். மழையிலும் போனான். 'பார், சுளீரென்று சொன்னால்தான் இவனுக்கு உறைக்கிறது' என்று பெருமைப்பட்டேன், அறிவு கெட்டவள். இடுப்பு சுருங்கச் சுருங்க, ஆணியை அடுப்பில் காய்ச்சி அவன் பெல்ட்டில் துளை போட்டேன். ஒரு துளைக்கு ஒரு கைதட்டல். மொத்தம் ஏழு துளை.

ஏழாவது துளை போட்ட வாரம் தபால் வந்தது. அவனே மனுப் போட்டு மறுபரிசோதனைக்குப் போயிருக்கிறான். எண்பத்திரண்டு கிலோ. ராணுவ சேவைக்குத் தகுதி. தேதியும் போட்டிருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்காகவே சொன்னது.

"மனுவை வாபஸ் வாங்குடா" என்று கத்தினேன். "முடியாதும்மா, முடிஞ்சு போச்சு" என்றான். மூன்று வாரம் அவனோடு பேசவில்லை. பக்கத்துக் கருவாட்டுக் கடை ஓக்சிம் சும்மா இருப்பாளா? "ஊருல அவளவ புள்ளைக்குத் தீனி போட்டு வீட்டுல வச்சுக்கப் பாக்குறா. நீ பட்டினி போட்டுல்ல அனுப்புற! உனக்கு ராணுவ மந்திரியே வந்து மெடல் குத்தணும்டி" என்றாள். சந்தையே சிரித்தது. நானும் பல்லைக் காட்டினேன், வேறென்ன செய்ய?

நொன்சானில் முகாமுக்கு எதிரே வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். மொட்டைத் தலைகளும் அம்மாக்களும் அடைந்து கிடந்தார்கள். இவர்கள் மறுபடி வரப்போவதில்லை என்று கடைக்காரர்களுக்குத் தெரியும். மாட்டுக்கறி செருப்புத் தோல் மாதிரி இருந்தது. கிம்ச்சி ஊறுகாயில் பூண்டு வாசனையே இல்லை. என் கடையில் அதை ஓசியில்கூடக் கொடுக்க மாட்டேன்.

"இன்னைக்கு வயிறு நிறையச் சாப்பிடு" என்றேன்.

முன்சு எஃகுக் கிண்ணத்தின் மூடியைத் திறந்தான். சோற்றைக் கரண்டியால் நடுவில் கீறி, பாதியை மூடியில் எடுத்து வைத்து அப்பா பக்கம் தள்ளினான். ஒரு பருக்கை கூடக்குறைய இல்லை, அளந்த மாதிரி பாதி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னைக்குமா? முழுசாச் சாப்பிடுடா!"

"பழகிடுச்சும்மா. இதுக்கு மேல இறங்காது."

"பையன் கட்டுப்பாடா இருக்கான், விடேன்" என்று சொல்லிக்கொண்டே புருஷன் அந்தப் பாதியையும் வாயில் போட்டுக்கொண்டார். நான் மறுபடியும், "முன்சு, நான் உன்கிட்ட சொன்னது..." என்றேன். "அக்கா! இங்க கொஞ்சம் தண்ணி!" என்று அவன் பரிமாறுகிறவளைக் கூப்பிட்டான். தண்ணீர்ப் பாத்திரம் எங்கள் மேஜையிலேயே இருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

வெளியே தள்ளுவண்டிக்காரர்கள். கைக்கடிகாரம், பூட்ஸுக்குள் வைக்கிற மெத்தை, முழங்கால் பட்டை. இது இல்லாவிட்டால் பிள்ளை கால் புண்ணாகிவிடும் என்று ஒருத்தன் கத்தினான். புருஷன் அவனோடு பேரத்தில் இறங்கிவிட்டார். ஒன்றரை மணி. இதுதான் சமயம் என்று முன்சுவின் கையைப் பிடித்து வாயைத் திறந்தேன். அவன் ஒரு கடிகாரத்தை எடுத்து என் காதில் வைத்தான். "ஓடுதா பாரும்மா" என்றான். முள் ஓடுகிறதா என்று கண்ணால் பார்த்தால் தெரியாதா? ஓடுகிறது, ஓடுகிறது, எனக்குத்தான் நேரம் ஓடுகிறது!

மைதானத்தில் வாத்தியக்குழு ஏதோ உற்சாகமாக வாசித்தது. யாருக்கு உற்சாகம்? ஒலிபெருக்கியில் ஒருவன், "மகன்கள் இப்போது மைதானத்துக்கு வரவும்" என்றான். முன்சு தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். எல்லாப் பிள்ளைகளும் செய்கிற மாதிரி புல்லில் மண்டியிட்டு, நெற்றி தரையில் படும்படி எங்களைக் கும்பிட்டான். எழுந்து என் முகத்தைப் பார்த்தான். எதிரே ஒன்றரை அடியில் நின்றான். இடையில் யாரும் இல்லை, எந்தச் சத்தமும் எனக்குக் கேட்கவில்லை. நான் வாயைத் திறந்தேன்.

"பெல்ட் நுனி வெளிய தொங்குது. உள்ள சொருகு" என்றேன்.

அவன் சிரித்தான். சொருகிக்கொண்டான். ஓடினான். ஆயிரம் மொட்டைகளுக்கு நடுவில் எது என் மொட்டை என்று நான் தேடுவதற்குள் வரிசை கட்டி, திரும்பி, கட்டடத்துக்குப் பின்னால் போய்விட்டார்கள். என் வாயை ஊசி நூல் கொண்டு தைத்தால் என்ன? வேண்டாததைச் சொல்ல அரை நொடி போதும் அதற்கு. வேண்டியதைச் சொல்ல ஒரு நாள் போதவில்லை.

காரில் ஏறியதும் புருஷன் சாவியைப் போட்டார். வண்டியை எடுக்கவில்லை. பார்த்தால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுகிறார்.

"இடுப்பளவு பனியெல்லாம் எங்க போச்சு இப்ப?" என்று எரிந்து விழுந்தேன்.

"எங்கம்மா என்னை ராணுவத்துக்கு வழியனுப்ப வரல" என்றார். "வயல்ல நாத்து நடுற நாள். பஸ்ல நான் மட்டும்தான். நீ வந்தியே, அவனுக்கு அது போதும்."

அந்த மனுஷனுக்கு என்ன தெரியும்? எனக்குப் போதவில்லை.

பதினொரு நாள் கழித்து கடைக்குப் பெட்டி வந்தது. பிள்ளை போட்டுக்கொண்டு போன துணிமணியை முகாமிலிருந்து அட்டைப் பெட்டியில் திருப்பி அனுப்புவார்கள். அதைப் பார்த்தாலே சந்தையில் யாவாரம் நின்றுவிடும். ஓக்சிம் கருவாட்டை அப்படியே போட்டுவிட்டு வந்தாள்.

"இங்க திறக்காதடி. வீட்டுக்குக் கொண்டு போ. நான் எம்புள்ளை பெட்டியைத் திறந்துட்டு மூணு நாள் கடை திறக்கல."

"நான் ஒண்ணும் அழ மாட்டேன். நீ போய் உன் கருவாட்டைப் பாரு, பூனை வந்திருக்கு."

சோயா ஊற்றி வதக்கிய அவரைக்கும் முள்ளங்கி ஊறுகாய்க்கும் நடுவில் வைத்துப் பிரித்தேன். சட்டை. கால்சட்டை. சேறு ஒட்டிய ஷூ. சுருட்டிய பெல்ட். வியர்வை வாடை குப்பென்று வந்தது. ஓக்சிம் போகவில்லை, என் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அடியில் ஒரு கடிதம். அவனுடைய கோழிக்கிறுக்கல்.

'அம்மா, எழுத பத்து நிமிஷம் கொடுத்திருக்காங்க. எடை பார்த்தாங்க. டாக்டர் என் பழைய ஃபைலைப் பார்த்துட்டு, இது நீதானான்னு ரெண்டு தடவை கேட்டார். நான்தான்னேன்.

அன்னைக்கு நீ நாலு தடவை வாயைத் திறந்த. கார்ல, சாப்பாட்டுக் கடையில, வாட்ச் வாங்குறப்ப, மைதானத்துல. என்ன சொல்ல வந்தன்னு எனக்குத் தெரியும். முதல் மூணு தடவையும் நான்தான் வேணும்னே பேச்சை மாத்தினேன். நாலாவது தடவை நீயே மாத்திட்ட, நல்லதாப் போச்சு.

அதை வாபஸ் வாங்காதம்மா. நீ சொன்னது வலிச்சுது. இப்பவும் வலிக்குது. ஆனா அந்த வலியிலதான் நான் தினமும் ஓடினேன். நீ அதைத் திருப்பி எடுத்துக்கிட்டா நான் எதுக்கு ஓடினேன், இங்க எதுக்கு நிக்கிறேன்? அது இப்ப என்னுது. எங்கிட்டயே இருக்கட்டும். நேரம் ஆச்சு. முள்ளங்கியில உப்பு கூட, குறைச்சுப் போடு.'

"என்னடி எழுதியிருக்கான்?" என்றாள் ஓக்சிம்.

"முள்ளங்கியில உப்பு கூடவாம்" என்றேன். அழ மாட்டேன் என்று சொன்னவள் அவரைக் கறித் தட்டுக்கு மேல் குனிந்து அழுதேன். அழுகை பாதி, ஆத்திரம் பாதி. என்ன திமிர் பாருங்கள் அந்தக் கழுதைக்கு! பெற்றவளை மன்னிப்புக் கேட்கக்கூட விட மாட்டேன் என்கிறான். நான் பட்ட அவதியெல்லாம் என்ன ஆவது? என் வாயிலிருந்து வந்த சொல் என்னுடையது இல்லையாம், அவனுடையதாம்! அதைத் தூக்கிக்கொண்டு அவன் பனியில் நிற்பானாம், நான் இங்கே வேடிக்கை பார்க்க வேண்டுமாம்.

சாயங்காலம் புருஷனைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். முகாமின் வலைத்தளத்தில் எழுதினால் தாளில் அச்சடித்துப் பிள்ளையிடம் கொடுப்பார்கள்.

"நான் சொல்றதை அப்படியே அடிங்க. உங்க சரக்கை நடுவுல சேர்க்காதீங்க."

"இன்ஜே பத்தி ஒரு வரி?"

"அரை வரி சேர்த்தீங்க, இன்னைக்குச் சோறு கிடையாது!"

நான் சொல்ல, இரண்டு விரலால் தட்டித் தட்டி அடித்தார்.

'முன்சு, நீ சொன்னபடியே அதை விட்டுட்டேன். விட மனசில்ல, இருந்தாலும் விட்டுட்டேன். ஆனா "போதும், வை"ன்னு ஒன்றரை வருஷமாச் சொன்னேனே, அது என்னுது. அதை உங்கிட்ட கேக்காமலே நான் திருப்பி எடுத்துக்கிறேன். கிண்ணத்தைப் பாதியாப் பிரிக்காத. முழுசாச் சாப்பிடு. ரெண்டாவது தட்டும் கேட்டு வாங்கு. குண்டாவே வா. ஆனா வா.'

கடைசி வார்த்தையை அடித்துவிட்டு அவர் முதலிலிருந்து ஒருமுறை படித்துப் பார்த்தார்.

"இதை அங்க சார்ஜென்ட் படிச்சா சிரிப்பான்" என்றார்.

"சிரிக்கட்டும். அனுப்புங்க."

அனுப்பினார். நான் அந்த பெல்ட்டை எடுத்து, என் ஏழு துளைகளையும் அதற்கு வெளியே இருந்த பழைய துளைகளையும் துணியால் துடைத்து, கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டினேன். எந்தத் துளையில் போட்டுக்கொண்டாலும் சரி, வந்து போட்டுக்கொள்ளட்டும்.