புதன்கிழமையின் தொண்ணூற்றெட்டு

அப்பா பேருந்து ஓட்டுநர். ஏழு நாள் காலையில் வீட்டிலேயே ரத்த அழுத்தம் பார்த்து, மேல் எண்ணின் சராசரியை எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் பணிமனை மருத்துவர். நூற்று நாற்பதுக்குக் கீழே இருந்தால் வண்டி. மேலே போனால் மாத்திரையும், மூன்று மாதம் டிக்கெட் கவுண்டரும்.

ஞாயிற்றுக்கிழமை தாளை என்னிடம் நீட்டினார்.

"சயின்ஸ் படிச்சவ நீதான். கூட்டி வகுத்துக் குடும்மா."

146, 150, 98, 144, 148, 146, 142. கூட்டினால் 974. ஏழால் வகுத்தால் 139, கொஞ்சம் மீதி.

"பாஸ்!" என்றார், நான் சொல்வதற்கு முன்பே.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "உங்கப்பா எப்பவும் நூலிழையிலதான் தப்பிப்பாரு. நல்லாப் பாரு."

எண்களைச் சிறிதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்தினேன். நடுவில் நின்ற எண், அதாவது இடைநிலை, 146. சராசரி அதற்கு ஏழு கீழே கிடந்தது. யாரோ ஒருவர் ஓரமாக நின்று அதைப் பிடித்து இழுக்கிறார்.

"புதன்கிழமை மட்டும் எப்படிப்பா தொண்ணூத்தெட்டு?"

"அன்னிக்கு நல்லாத் தூங்கினேன்."

"அன்னிக்குத்தானே கொசுக்கடின்னு விடிய விடியப் புலம்புனீங்க?" என்றாள் அம்மா.

"மிஷின் மெமரியில இருக்கு, பாத்துக்கோ. மிஷின் பொய் சொல்லுமா?"

இருந்தது. புதன், காலை 7.40. அன்றைக்கு அது ஒன்றுதான்.

7.40. அந்த நேரம் நான் ஈரத்தலையோடு வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தேன். அப்பா கூப்பிட்டார். "மிஷின் சரியில்ல போலிருக்கு. உன் கையில ஒருதடவை கட்டிப் பாப்போம்." கட்டினார். எண் வந்ததும் கருவியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "சரி சரி, நீ கிளம்பு, நேரமாச்சு."

அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்காவிட்டால், நாளைக் காலை அவருக்குப் பின்னால் அறுபது பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

பட்டையை எடுத்து என் கையில் சுற்றிப் பொத்தானை அழுத்தினேன். அது உறுமியது, இறுக்கியது, மெல்ல விட்டது.

97.

அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கரண்டியோடு வந்து நின்றாள்.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு," என்றார் கடைசியில். என் கையிலிருந்த பேனாவை வாங்கி, புதன்கிழமையை அடித்தார். "ஆறு நாளுக்குப் போடு."

876. ஆறால் வகுத்தேன். மீதியில்லை. இப்போது சராசரியும் 146.

"போகட்டும். கவுண்டர்ல உக்காந்தா நேரத்துக்குச் சாப்பிடலாம். நானே கட்டித் தரேன், உப்பில்லாம," என்றாள் அம்மா.

அப்பா அப்போதுதான் உண்மையிலேயே கலங்கிப்போனார்.

"உப்பில்லாமலா?"