வெள்ளையாக வராத பினைல்

சுருவிலில் எங்கள் வீட்டுக்கு வருகிற எவரும் முதலில் மூக்கைத்தான் பொத்துவார்கள். எங்கள் நாயின் மணமல்ல, பினைல் மணம். குசினியில் கொதிக்கிற குழம்பிலும் அதே மணம். சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனால் ஆசுபத்திரிக் கக்கூசுக்குள் குந்தியிருந்து சாப்பிடுவதுபோல இருக்கும்.

எல்லாம் என் கணவர் சுஜிதனின் அக்கா சிவக்கொழுந்து மச்சாளின் கைங்கரியம். எங்கள் நாய் ஜிம்மியை அவருக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. அது சேலையில் லேசாக உரசினாலே கிணற்றடிக்கு ஓடித் தலைமுழுகிவிட்டுத்தான் மறுவேலை. காலையும் மாலையும் வாளியும் பினைலுமாக வீடு முழுக்கத் துடைப்பார். அந்தத் துடைதுணியைப் பார்த்தவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. காய்ந்த பிறகும் நிலம் பிசுபிசுவென்று உள்ளங்காலில் ஒட்டும்.

“நாய் கால் வைச்ச இடமெல்லாம் கிருமி. என்ரை கால் எரிஞ்சு தோல் உரியிறது இந்தச் சனியனாலைதான்” என்று மச்சாள் தினமும் ஒப்பாரி வைப்பார். எரிவு கூடக் கூட பினைலும் கூடியது.

ஜிம்மி சாப்பாட்டை விட்டது. படுத்தபடியே கால்களை நக்கிக்கொண்டு கிடந்தது. பிறகு மஞ்சளும் நுரையுமாகச் சத்தி எடுத்தது. ஓங்காளித்து ஓங்காளித்து நான்தான் அள்ளினேன். நான் நாய்ப் பைத்தியம் பிடித்தவளில்லை. ஆனாலும் கண் திறக்காத குட்டியாக வந்து என் விரலில் பால் நக்கிக் குடித்த சீவன். அது செத்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

மச்சாள் சேலைத்தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். “வருத்தக்கார நாயை வீட்டுக்கை வைச்சிருக்க ஏலாது. தம்பி, இதைச் சாட்டிக் கடற்கரையிலை விட்டிட்டு வா. அங்கை சனம் எறியிற எச்சிலைத் திண்டு கிடக்கட்டும்.”

அக்கா சொல்லைத் தட்டாத தம்பி மோட்டார்சைக்கிள் திறப்பைத் தேடப் போனார். எனக்கு அவரைப் பார்க்கவும் அருவருப்பாக இருந்தது. வேலணை மிருக வைத்தியருக்குப் போன் எடுத்து ஜிம்மியின் நிலையைச் சொன்னேன்.

“என்னத்தாலை நிலம் துடைக்கிறனீங்கள்?” என்றுதான் அவர் முதலில் கேட்டார். “பினைல்” என்றேன். “எவ்வளவு விடுறனீங்கள்?” போனை ஸ்பீக்கரில் போட்டு மச்சாளின் பக்கம் நீட்டினேன்.

“ஒரு மூடி விட்டால் தண்ணி பால்மாதிரி வெள்ளையா வருமெண்டு போத்திலிலை கிடக்கு. எங்கை வருது? திரைஞ்செல்லோ போகுது! காணாதாக்கும் எண்டு அரைப் போத்தில் விடுறனான்.”

“கிணத்துத் தண்ணியிலையோ?”

“ஓம். பின்னை, குடிக்கிற நல்ல தண்ணியிலையோ நிலம் துடைக்கிறது?”

“உங்கடை பக்கத்துக் கிணத்துத் தண்ணி உவரெல்லோ, அதிலை அது கரையாதம்மா. எவ்வளவு விட்டாலும் வெள்ளையா வராது, நிலத்திலை படிஞ்சு கிடக்கும். நாய் காலை நக்கி அதைத்தான் திண்டிருக்கு. வெறுங்காலோடை நடக்கிற ஆக்களுக்கும் தோல் எரியும். நாயின்ரை காலை நல்லாக் கழுவிப்போட்டு உடனை கொண்டு வாங்கோ.”

ஜிம்மியின் காலைத் தூக்கிப் பார்த்தேன். விரல்களுக்கிடையே சதை வெந்து சிவந்து, பினைலும் சீழும் கலந்த நாற்றம். மச்சாள் அந்தக் காலைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார்.

நேரே குசினிக்குள் போனார். பவுசர் லொறிக்காரனிடம் காசுக்குப் பிடித்து வைத்த நல்ல தண்ணீர் அங்கே பரலில் இருந்தது. தேநீருக்குக்கூட அளந்துதான் தருவார். அதை வாளியால் அள்ளி அள்ளிப் பெரிய பேசினில் ஊற்றினார். நான் ஜிம்மியைத் தூக்கி உள்ளே நிறுத்தினேன். அதற்கு நிற்க ஏலவில்லை.

“தள்ளிப் பிடி, வதனி” என்று முகத்தைச் சுளித்தபடியே கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்த மச்சாள், தன்னுடைய கால்கள் இரண்டையும் அதே பேசினுக்குள் விட்டார்.

சுஜிதன் திறப்போடு வந்து திகைத்து நின்றார். “சாட்டிக்கில்லையடா, டொக்டரிட்டை” என்ற மச்சாள், ஜிம்மியின் கால்விரல்களுக்கிடையே தன் விரலை விட்டுத் தேய்க்கத் தொடங்கினார்.

அன்றைக்கு மச்சாள் தலைமுழுகவில்லை.