ஆல்வின் வாயை மூடிய சனிக்கிழமை

அந்த வருஷம் மே மாதத்தில் என் இடது முழங்கால் திருகிக்கொண்டது. எங்கள் ஊர் கரூக்கின் கால்பந்து அணியில் (பந்தைக் கையிலும் பிடித்து ஓடும் வகை) வலப்பக்க ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்த நான் வேலிக்கு வெளியே மரப்பெஞ்சில் உட்கார வேண்டியதாயிற்று. என் இடத்துக்கு மேட்டி லார்கின் என்று பத்தொன்பது வயதுப் பையனைப் போட்டார்கள். அவன் நன்றாக ஆடினான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் ஊரில் சனிக்கிழமை மதியம் எல்லோரும் மைதானத்தில்தான் இருப்பார்கள். பாதிப்பேர் கார்களை வேலியோரம் வரிசையாக நிறுத்தி உள்ளே இருந்தே பார்ப்பார்கள். நம் ஆள் கோல் போட்டால் எல்லாக் காரும் சேர்ந்து ஹார்ன் அடிக்கும். கார் இல்லாதவர்களுக்கும், காருக்குள் அடைந்து கிடக்கப் பிடிக்காதவர்களுக்கும் பெஞ்சுகள். எனக்கு நேர் பின்னால் இருந்த பெஞ்சு ஆல்வின் டிரெகியரும் அவர் மனைவி நோரீனும் வழக்கமாக உட்காருவது. ஆல்வினுக்கு எண்பது தாண்டியிருக்கும். கோதுமைக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மடியில் கம்பளி, நடுவில் தேநீர்க் குடுவை, இருவருக்கும் ஒரே மாதிரி, அணியின் கறுப்புச் சிவப்பு நிறத்தில் தொப்பி.

ஆல்வின் ஓயாமல் பேசுவார். பந்து யாரிடம் போகிறது, யார் எம்பிப் பிடித்தான், யார் சேற்றில் வழுக்கினான், ஒன்று விடமாட்டார். அதுவும் உரத்த குரலில். நான் ஆடிக்கொண்டிருந்த காலத்தில் அது என் காதில் விழுந்ததே இல்லை. வெளியே உட்கார்ந்த மூன்றாவது வாரம், பக்கத்து ஊர் மிஞ்சாவுடன் ஆட்டம். மழை தூறிக்கொண்டிருந்தது. பந்து வலப்பக்கம் வந்தபோதெல்லாம் பின்னாலிருந்து மேட்டியின் பெயர்தான் கேட்டது. மேட்டி எடுத்துட்டான், மேட்டி ரெண்டு பேரத் தாண்டிட்டான். கடைசியில் ஆல்வின் சொன்னார்:

“இந்தப் பக்கத்துல இப்படி ஒருத்தன் ஓடிப் பாத்து எத்தன வருஷமாச்சு, நோரீன்.”

நான் திரும்பினேன்.

“பெரியவரே, எங்களுக்கும் கண்ணு இருக்கு. நாங்களே பாத்துக்குறோம். கொஞ்சம் வாய மூடிக்கிட்டு இருங்களேன்.”

என்னோடு இருந்த பையன்கள் சிரித்தார்கள். ஒருவன் கைகூடத் தட்டினான். ஆல்வின் முகம் சிவந்தது. கோபம் என்று முதலில் நினைத்தேன்; இல்லை, வெட்கம்.

“மன்னிச்சுக்கப்பா,” என்றார். “சத்தமாப் பேசுறேன்னு எனக்குத் தெரியல.”

அதன் பிறகு அவர் பேசவில்லை. ஆட்டத்தில் இன்னும் ஒரு பாதி மீதி இருந்தது. ஹார்ன்கள் அடித்தன. நோரீன் மெதுவாக, “யாரு?” என்று கேட்பது காதில் விழுந்தது. பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை, “யாரு, ஆல்?” அவர் நோரீனின் காதருகே குனிந்து ஏதோ சொல்லப் பார்த்தார். காது மந்தமானவரின் ரகசியம் நான்கு பெஞ்சுக்குக் கேட்கும். நான் தோளைத் திருப்பினேன், அவ்வளவுதான். பாதிச் சொல்லில் நிறுத்திவிட்டார். மூன்றாம் முறை நோரீன் கேட்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் ஆல்வினின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். வயதானவர்கள், தரை ஈரம், பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள் என்றுதான் எண்ணினேன்.

அடுத்த இரண்டு உள்ளூர் ஆட்டங்களுக்கும் அந்தப் பெஞ்சு காலியாகவே இருந்தது. இறைச்சி பஃப் வாங்கப் போனபோது, மைதானத்துத் தின்பண்டக் கடையை நடத்தும் பெவ்விடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன். அவள் சாஸ் புட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“நோரீனுக்குக் கண்ணு போயி ஆறு வருஷம் ஆகுது. ஓரத்துல கொஞ்சம் வெளிச்சம் தெரியும், அவ்வளவுதான். அந்தாளு யாருக்காகப் பேசிக்கிட்டிருந்தாருன்னு நெனச்ச?”

வாங்கிய பஃப்பை அப்படியே குப்பைத் தொட்டியில் போட்டேன். அன்றைக்கே அவர்கள் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. என்ன சொல்வது என்று யோசித்து மூன்று வாரம் ஓட்டினேன். அந்த மூன்று வாரத்தில் ஆல்வின் தனக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டிருந்தார்.

ஒரு புதன்கிழமை போய்க் கதவைத் தட்டினேன். ஆல்வின்தான் திறந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். நான் தடுமாறித் தடுமாறி மன்னிப்புக் கேட்டேன்.

“நீ மன்னிப்புக் கேக்க ஒண்ணுமில்லப்பா,” என்றார். “சரியாத்தான் சொன்ன. இத்தன வருஷமா எல்லார் காதுலயும் கத்தியிருக்கேன். பாவம், ஒருத்தரும் வாயத் தொறக்கல. நீயாவது சொன்னியே.”

யாருக்கும் அது தொந்தரவாக இல்லை என்று சொன்னேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினார். நம்பவில்லை என்று தெரிந்தது. உண்மைக் காரணத்தைச் சொல்லியிருந்தால் ஒருவேளை நம்பியிருப்பார்: உங்கள் சத்தம் இல்லை, மேட்டியின் பெயர்தான் என்னைக் குத்தியது என்று. நாக்கு நுனிவரை வந்தது. வெளியே வரவில்லை.

சமையலறையிலிருந்து நோரீன் சுவரைத் தடவிக்கொண்டு வந்தார்.

“அவரு மைதானத்துக்கே வரமாட்டேங்குறாரு. நீ கூட்டிட்டுப் போறியா தம்பி? நீயும் ஆடினவன்தானே, நீ சொல்லு எனக்கு.”

பருவத்தின் கடைசி உள்ளூர் ஆட்டத்துக்கு அழைத்துப் போனேன். ஆல்வின் குடுவையில் தேநீர் நிரப்பிக் கொடுத்து, நோரீனின் தொப்பியைச் சரிசெய்துவிட்டு, வாசலிலேயே நின்றுகொண்டார்.

நான் மோசமாகச் சொன்னேன். ஆரம்பத்தில் பரவாயில்லை, பந்து நடுவில் இருக்கு, நம்ம ஆளு எடுத்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆட்டம் சூடுபிடித்ததும் என்னை மறந்து எழுந்து கத்த ஆரம்பித்துவிட்டேன். முக்கியமான இடத்தில் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, பேசவில்லை. கடைசி நிமிஷத்தில் மேட்டி பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். ஹார்ன்கள் அலறின, முடிவுச் சங்கு ஊதியது, சுற்றிலும் குதித்தார்கள். நானும்தான் குதித்தேன்.

என் சட்டை நுனியை யாரோ இழுத்தார்கள்.

“நாம ஜெயிச்சோமா?” என்று கேட்டார் நோரீன்.

திரும்பும்போது காரில், மிஞ்சா ஆட்டத்தன்று நான் ஏன் அப்படிப் பேசினேன் என்பதை அவரிடம் சொன்னேன். மேட்டியைப் பற்றி, என் காலைப் பற்றி, பொறாமையைப் பற்றி. நோரீன் சன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே கேட்டார்.

“இத அவருகிட்டல்ல நீ சொல்லியிருக்கணும்.”

இன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்றேன். ஆல்வின் கேட்டைத் திறந்துகொண்டு தெருவில் நின்றிருந்தார். கார் நின்றதும் குனிந்து, எப்படி இருந்தது என்று மனைவியைக் கேட்டார்.

“நல்லா இருந்துச்சு,” என்றார் நோரீன். “தம்பி ஒண்ணு விடாமச் சொன்னான்.”

ஆல்வின் முகம் மலர்ந்தது. என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “பாத்தியா,” என்று நோரீனிடம் சொன்னார், “இந்தக் காலத்துப் பிள்ளைங்க யாருக்கும் தொந்தரவு இல்லாம எவ்வளவு அழகாச் சொல்லுதுங்க.”

அதற்கு மேல் நான் எதைச் சொல்ல? இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிக் காரைக் கிளப்பினேன்.

அந்த இன்னொரு நாள் தள்ளிக்கொண்டே போனது. அடுத்த மார்ச்சில் என் கால் சரியாகிப் பயிற்சிக்குத் திரும்பியபோது, அவர்கள் வீட்டை விற்றுவிட்டுக் கடலோரத்தில் மகளிடம் போய்விட்டார்கள் என்று பெவ் சொன்னாள். அந்த ஊரிலும் ஓர் அணி இருக்கிறது, மைதானம் மகள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம்தானாம். போகிறார்களா என்று கேட்டேன்.

“நோரீனுக்கு ஆசதான்,” என்றாள் பெவ். “அவருதான் வேண்டாம்னுட்டாராம். புது ஊரு, பக்கத்துல யாரு உக்காந்திருப்பாங்களோ, அவங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு.”