கில்லியம் அம்மாவின் பதினேழாவது ஜன்னல்

1

இந்தக் கதை என் வீட்டு வாசலுக்கு வந்து பெல் அடித்தது. ஏப்ரல் மாதம். ஜார்ஜியாவின் மேக்கன் நகரமே மகரந்தத் தூளில் மஞ்சளாகிக் கிடந்த காலை. வெளியே ராய்ஸ் டாக்கெட். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் வீட்டுச் சுவரைப் பிரஷர் மெஷின் வைத்துக் கழுவிக் கொடுத்தவர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "உங்க ஜன்னலை நான் கெடுத்திருக்கலாம். ஒரு சுத்து பாத்துட்டுப் போறேங்க" என்றார்.

பார்த்தார். எதுவும் கெடவில்லை. அவர் முகத்தில் லேசான ஏமாற்றம்கூடத் தெரிந்தது.

காபி கொடுத்து என்ன விஷயம் என்று கேட்டேன். அவர் சொன்னதில் முக்கால் பங்கு கீழே இருக்கிறது. மீதி என் கைச்சரக்கு. எது எது என்று கேட்காதீர்கள், எனக்கே இப்போது குழப்பம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கண்ணாடி என்பது மனிதன் காற்றுக்கும் தனக்கும் நடுவே..." வேண்டாம். ராய்ஸ் கேட்டால் சிரிப்பார்.

அடுத்தது: "பத்தொன்பது வருடமாக ராய்ஸ் டாக்கெட்டுக்கு வேலை நேரத்தில் யாரோடும் பேச வேண்டியிருந்ததில்லை." இது நிற்கும். மெஷின் ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. சுவர், சிமெண்டுத் தரை, மரத்தளம் எல்லாம் தண்ணீர் வேகத்தில் வெளுத்துவிடும். வீட்டுக்காரர்கள் உள்ளேயிருந்து கை காட்டுவார்கள், இவர் தலையாட்டுவார். அவருக்கு அந்த அளவு உறவு போதும்.

அதைக் கெடுத்தது அவர் மனைவி வெர்னா. போனை எடுப்பது அவள்தான்.

"கில்லியம் அம்மா வீட்டுல சுவரோட ஜன்னலும் சேத்துத் துடைச்சுத் தர்றோம்னு சொல்லிட்டேன். முப்பத்தோரு ஜன்னல். உள்ளேயும் வெளியேயும்."

"நாம எப்போடி ஜன்னல் துடைச்சோம்?"

"வெள்ளிக்கிழமையிலேருந்து துடைக்கிறோம்."

"என்னை ஒரு வார்த்தை கேக்கலையே?"

"கேட்டா முடியாதும்ப. நீ கழுவிட்டு வந்த மறுநாளே போன் வருது. சுவர் பளபளன்னு இருக்கு, கண்ணாடி பூரா தண்ணிக் கறைன்னு. எத்தனை பேருக்குத்தான் நான் சமாதானம் சொல்றது?"

மூன்று நாள் சொந்த வீட்டு ஜன்னலில் பழகினார். வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு நாலு சொட்டு, நனைக்க ஒரு துணி, வழிக்க ரப்பர் வைத்த வைப்பர். ஒவ்வொரு இழுப்புக்கும் ரப்பரைத் துடைக்காவிட்டால் கோடு விழும். வெர்னா உள்ளே நின்று கோடு விழுந்த இடத்தையெல்லாம் விரலால் காட்டினாள். காட்டிக்கொண்டே ஒரு முழு ஆப்பிளைத் தின்று முடித்தாள்.

3

பதினாறு ஜன்னல் வரை சொல்ல ஒன்றுமில்லை. பதினேழாவது, சமையலறைத் தொட்டிக்கு மேலே இருப்பது. வெள்ளையாக மங்கியிருந்தது. வெளியே தேய்த்தார். உள்ளே வந்து தேய்த்தார். வினிகர் போட்டுத் தேய்த்தார். அசையவில்லை. அப்புறம்தான் புரிந்தது, மூட்டம் இரண்டு கண்ணாடிக்கும் நடுவில்.

[இங்கே ஓர் அடிக்குறிப்பு வந்திருக்க வேண்டும். இந்த ஊர் ஜன்னல்கள் இரட்டைக் கண்ணாடி, ஓரம் காற்றுப் புகாமல் ஒட்டியது. அந்த ஒட்டு விட்டுப்போனால் ஈரம் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். வேகமான தண்ணீர் பட்டால் ஒட்டு விடும்.]

ராய்ஸுக்கு நினைவு வந்தது. மூன்று வருடத்துக்கு முன் இதே சுவரைக் கழுவியவர் அவர்தான். இந்த ஜன்னல் மூலையில் ஒரு குளவிக் கூடு இருந்தது. குழாயைக் கிட்டே கொண்டுபோய் முழு வேகத்தில் அடித்தார். கூடு பறந்தது. அன்று அவருக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

4

வெர்னாவைப் பற்றி ஒரு திருத்தம். முதல் பிரதியில் அவளை, "யாருக்குத் தெரியப் போகுது? வாயை மூடிட்டு வா" என்று சொல்ல வைத்திருந்தேன். ஆனால் ராய்ஸ் வீட்டுக்குப் போய்க் குளவிக் கூட்டு விஷயத்தைச் சொன்னதும் அவள் சொன்னது வேறு.

"போய்ச் சொல்லு. புதுக் கண்ணாடி நம்ம செலவு."

"பேர் கெட்டுடும்டி."

"கெடட்டும். அந்தம்மா தினமும் அது முன்னாடி நின்னுதானே பாத்திரம் கழுவுது?"

வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்று நினைத்தது ராய்ஸ். அந்த வரியை அவரிடமிருந்து எடுத்து அவள் வாயில் வைத்தது நான். (எனக்கு ராய்ஸைப் பிடிக்கும். வேறு காரணம் இல்லை.)

5

ஓடெட் கில்லியம் எண்பதை நெருங்குபவர். ராய்ஸ் தொப்பியைத் திருகிக்கொண்டே சொல்லி முடித்தார். அந்த அம்மாள் சிரிக்க ஆரம்பித்து, நாற்காலியைத் தேடி உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அடப்பாவி, நீயா? நான் கர்த்தர்னுல்ல நினைச்சேன்!"

அந்த ஜன்னலுக்கு எதிரே தெரியும் பக்கத்து வீட்டுச் சமையலறை இமோஜீன் ஸ்ப்ரௌலுடையது. இருபது வருடம் காலையில் இருவரும் அவரவர் ஜன்னலில் நின்று காபிக் கப்பைத் தூக்கிக் காட்டிக்கொள்வார்களாம். பிறகு ஒரு சர்ச் விருந்து.

"பீச் பழத்தை உள்ள வச்சு பை பலகாரம் சுட்டுக் கொண்டு வந்தா. வாயில வச்சதுமே தெரிஞ்சுடுச்சு, டின் பழம். பீச்சுக்குப் பேர்போன ஜார்ஜியாவுல பொறந்துட்டு டின் பீச்சாடின்னு எல்லார் முன்னாடியும் கேட்டேன். தப்பா?"

"தப்புன்னு இல்லம்மா..."

"அடுத்த மாசமே ஜன்னல் மங்கிடுச்சு. சரி, கர்த்தரே திரை போட்டுட்டார், நம்ம பக்கம்தான் நியாயம்னு இருந்துட்டேன். மாத்தாதப்பா. அப்படியே கிடக்கட்டும்."

6

இங்கேயே முடித்திருக்கலாம். தப்பை ஒப்புக்கொண்டாயிற்று, மன்னிப்பும் கிடைத்தாயிற்று, வாசகர் சிரித்தபடி பக்கத்தை மூடி

இல்லை. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து இமோஜீன் கூப்பிட்டுவிட்டார். அவர் வீட்டு ஜன்னலையும் துடைக்க வேண்டுமாம். ராய்ஸ் சமையலறை ஜன்னலில் ஏணி போட்டதும் உள்ளேயிருந்து இமோஜீன் கேட்டார்:

"அவ ஜன்னல்ல ஒட்டியிருக்காளே, அது என்ன ஸ்டிக்கர்ப்பா?"

"ஸ்டிக்கரா?"

"என் மூஞ்சியப் பாக்கக்கூடாதுன்னு ஒட்டியிருக்கா. சண்டைக்கு அப்புறமும் நான் தினம் காலையில கப்போட வந்து நின்னேன். ஒருநாள் இல்ல ஒருநாள் தூக்கிக் காட்டுவான்னு. ஒரு மாசம் கழிச்சுப் பாத்தா வெள்ளையா ஒட்டிட்டா."

ராய்ஸ் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அது ஸ்டிக்கர் இல்லம்மா. நான்."

பத்தொன்பது வருடத்தில் வேலை நேரத்தில் பேசிய அத்தனையையும் சேர்த்தாலும் அன்று பேசிய அளவு வராது என்றார் என்னிடம். குளவி, மெஷின், ஒட்டு, ஈரம், எல்லாம். இமோஜீன் கேட்டுவிட்டுக் கைத்துணியை மடித்து வைத்தார்.

"அந்த வருஷம் பீச் எல்லாம் பூவுலயே பனியில கருகிப் போச்சு," என்றார். "டின்ல இல்லாம வேற எதுல செய்வேன்? அவளுக்கும் தெரியும்."

அன்று சாயங்காலமே ராய்ஸ் வெர்னாவிடம் பழைய வீட்டு விலாசங்களையெல்லாம் கேட்டு வாங்கினார். அதில் பதினொன்றாவது என் வீடு.

7

விஷயத்தைக் கொண்டுபோய் ஓடெட்டிடம் சொன்னார். இந்த முறை அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

"தினமும் நின்னாளாமா?"

"ஒரு மாசம்னு சொன்னாங்க."

"புதுக் கண்ணாடி எப்ப வரும்?"

பத்து நாளில் வந்தது. கண்ணாடிக்காரர் பழையதைச் சட்டத்தோடு கழற்றிக் கீழே வைத்தார். சுவரில் சதுரமாக ஒரு திறப்பு. மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தத் தொட்டியின் மேல் வெயில் விழுந்தது. எதிரே, தன் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, இமோஜீன்.

"போடலாமாம்மா?" என்றார் ராய்ஸ், புதுக் கண்ணாடியைப் பிடித்தபடி.

"கொஞ்சம் பொறு" என்றார் ஓடெட்.

அப்புறம் என்ன ஆயிற்று என்று ராய்ஸ் சொன்னார்தான். மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் இருவரும் அழுதார்கள். அது அவர்கள் குணமில்லை. ஒன்றில் ஓடெட் பை செய்முறை கேட்டார். அது கொஞ்சம் நடிப்பாக இருந்தது. மூன்றாவது, நடந்ததை அப்படியே எழுதியது. தமிழில் அது எனக்குச் சரியாக வாய்க்கவில்லை. மூன்றையும் எடுத்துவிட்டேன்.

ஆகவே இதோ, இரண்டு ஆண்கள் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து நிற்கிறார்கள், கை வலிக்கிறது. இரண்டு பெண்களுக்கும் நடுவே இருபது அடிக் காற்று மட்டும்தான். மெல்லச் சொன்னாலும் அங்கே கேட்கும். ஓடெட் வாயைத் திறக்கிறார்.

முதல் வார்த்தையை நீங்கள் சொல்லுங்கள்.