பெண் துணை மட்டும்

எனக்குக் கோபம் வந்தால் ஏற்காடு முழுக்கக் கேட்கும் என்பார் என் புருஷன் சிவக்குமார். அன்றைக்குக் குழந்தைகள் வார்டு முழுக்கவாவது கேட்டிருக்கும்.

எங்கள் மகள் சௌமியாவுக்கு இரண்டு வயது. வாந்தியும் பேதியுமாகத் துவண்டு கிடந்தாள். ஊசி குத்த நரம்பு அகப்படவில்லை. மதியத்துக்குள் உப்பு சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போகாவிட்டால் சேலத்துக்கு அனுப்ப வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் கரண்டியைக் கொண்டுபோனாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அப்பா" என்று முனகினாள். அப்பாவோ வெளியே பெஞ்சில். வார்டுக்குள் பெண் துணைக்கு மட்டும்தான் அனுமதி.

"பெத்தவ கையில குடிக்காம எங்க போயிரும்? மடியில போட்டுக் குடு கண்ணு," என்றார் பக்கத்துக் கட்டில் ராசாத்தியக்கா. அவருடைய மகனுக்கும் அதே பேதிதான்.

மடியில் போட்டேன். என் புருஷன் செய்வதுபோல நானே ஒரு வாய் குடித்து, "ஐயே, உப்பு" என்று மூஞ்சியைச் சுளித்தும் காட்டினேன். அவர் செய்தால் விழுந்து விழுந்து சிரிப்பவள், என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். இவளுக்கு மூன்று மாதம் ஆனபோதே நான் ஹோட்டல் வேலைக்குத் திரும்பிவிட்டேன். தான் வேலை செய்யும் தோட்டத்தில் காபிச் செடிகளுக்கு நடுவே தூளி கட்டியதும், சோறு ஊட்டியதும், கால் கழுவி விட்டதும் அவர்தான். பிள்ளை பெறும்போதே இந்த வித்தையையும் சேர்த்து எனக்கு யாரும் கொடுத்தனுப்பவில்லை.

நர்ஸிடம் போனேன். "ஏனுங்க, அவங்கப்பாவை உள்ள உடுங்க. நான் வெளிய இருந்துக்கறேன்."

"அம்மா நீங்களே இருக்கறப்ப ஆம்பளைக்கு என்னங்க வரும்?"

"எனக்குத்தான் வரலீங்க."

வார்டே திரும்பிப் பார்த்தது. வெட்கமாகத்தான் இருந்தது. பிள்ளையின் காய்ந்த உதட்டைப் பார்த்ததும் வெட்கம் போய் எரிச்சல் வந்தது.

"பெத்தா தானா வந்துரும்னு எல்லாரும் சொல்றீங்க. எனக்கு வரல. நித்தம் ஊட்டிப் பழகுனவருக்கு வருது. அதுக்கு எம்புள்ள ஏன் சாகோணும்?"

"புள்ளைய வெளிய கொண்டுபோகக் கூடாதுங்க," என்று நர்ஸ் பின்னாலேயே வந்தார். நான் நிற்கவில்லை. சௌமியாவைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெஞ்சில் இருந்த என் புருஷன் மடியில் போட்டுவிட்டு, டம்ளரை நீட்டினேன்.

"வா சாமி. அப்பா ஒரு வாய், நீ ஒரு வாய்."

மூஞ்சியைச் சுளித்தார். அவளுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. ஆனால் வாயைத் திறந்தாள். ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி. எனக்கு வயிறு எரியத்தான் செய்தது, பொய் சொல்ல மாட்டேன். போன உயிரும் அப்போதுதான் திரும்பி வந்தது. பாதி டம்ளர் காலியானபோது நர்ஸ் அதட்டுவதை நிறுத்தியிருந்தார்.

பெஞ்சின் மறுமுனையில் ராசாத்தியக்காவின் புருஷன் தங்கராஜ் முந்தின நாளிலிருந்தே உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து வார்டு வாசலுக்குப் போனார்.

"ராசாத்தி, பையனை இங்க கொண்டா."

"உங்களுக்கு ஊட்டத் தெரியுமாக்கு?"

"தெரியாது. குடு, பழகிக்கறேன்."

ராசாத்தியக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் பையனைத் தூக்கிவந்து கொடுத்தார்.