ஆறு பேர் இருந்த ஜெபக்கூட்டம்

அன்று மாலை எங்கள் முன்னறையில் இருந்தது ஆறு பேர்: நான், என் மனைவி, எங்கள் மகள், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், அவர் மனைவி, தையற்கார அம்மா. சபை முழுக்க இருந்ததாகப் பேசுகிறார்கள். ஆறு பேர்தான்.

வியாழன்தோறும் எங்கள் வீட்டில் ஜெபம். வேதப்பகுதியை நான்தான் தேர்ந்தெடுப்பேன். அன்று நாவைக் காப்பதைப் பற்றியும், நம்பத்தக்க சிநேகிதனைப் பற்றியும் நிறுத்தி அழுத்தி வாசித்தேன்.

"எனக்குன்னே தேடி எடுத்தீங்களா ஐயா?" என்றார் தையற்கார அம்மா.

எல்லோரும் சிரித்தோம். பத்து நாள் முன்பு ஒற்றைப் பையுடன் கணவன் வீட்டிலிருந்து வந்திறங்கிய மகளும் சிரித்தாள். வந்த பின் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

கண்களை மூடினோம். போஸ்ட்மாஸ்டர் ஜெபித்தார். நோயாளிகளுக்குப் பிறகு, "ஆண்டவரே, புருஷன் வீட்டுல அனுசரிச்சுப் போகாம, பொறுமையில்லாம வந்துட்ட இந்தப் பிள்ளைக்குப் பொறுமையைக் கொடும்" என்றார்.

நான் கண் திறந்தேன். மகளின் கண்களும் திறந்திருந்தன. அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

வார்த்தைக்கு வார்த்தை என்னுடையதுதான். மகள் ஏன் வந்துவிட்டாள் என்று காலை நடையில் அவர் கேட்டபோது சொன்னேன். மருமகனை விசாரித்து, பேசி முடித்தவன் நான். என் கணிப்பு பிசகிவிட்டது என்று எந்த வாயால் சொல்வேன்? முப்பது வருடம் பிறர் கடிதத்தைப் பிரித்துப் பார்க்காத மனிதர். அவரோடு நின்றுவிடும் என்று நம்பினேன்.

வாசலில் அவரை நிறுத்தி, "இப்படிப் பண்ணிட்டீங்களே" என்றேன்.

"நீங்க சொன்னதைத்தானேண்ணே சொன்னேன்? ஜெபிச்சுக்குங்கன்னதும் நீங்கதானே."

அவர் முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சமையலறையில் மகள் தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உங்ககிட்ட மட்டுந்தாம்ப்பா சொன்னேன். அம்மாவுக்குக்கூடத் தெரியாது."

"குடும்ப மானம்னு ஒண்ணு இருக்கும்மா."

"அந்தக் குடும்பத்துல நான் இல்லையாப்பா?"

கடைசித் தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். மறுவாரம் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு, பெண்கள் விடுதிக்குக் கிளம்பினாள். பஸ் நிலையம்வரை வரவா என்றேன். வேண்டாம் என்றாள். பிறகு அவள் அம்மாவுக்குத்தான் போன் வருகிறது. நான் பக்கத்து அறையில் வானொலியின் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொள்வேன்.

சபையில் இன்றும் அதே பேச்சு. ஆகவே எழுதுகிறேன். என் மகள் பொறுமையில்லாமல் வந்தவள் அல்ல. அவன் அடித்தான். மூன்று வருடம் பொறுத்திருந்தாள். போஸ்ட்மாஸ்டரிடம் நான் பேசிய அன்று இதெல்லாம் எனக்குத் தெரியும்.